ஒரு லட்சம் மிச்சம் இருக்கிற நீச்சல் கிளப்புக்கு எதுக்குங்க சந்தா ஏத்தணும்?

வாய்க்கால்கரை:

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு சின்ன நீச்சல் கிளப்புக்குப் பொருளாளரா இருக்கேன். 1975ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிஞ்ச சங்கம், லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கிறதில்ல. அடுத்த மாசம் பொதுக்குழு. அதுக்கு முன்னாடி, கணக்கு தெரிஞ்சவங்க, இந்த மாதிரி குளம் நடத்துறவங்க யோசனை வேணும்.

கணக்க அப்படியே வைக்கிறேன். வரவு: 140 குடும்பம், குடும்பத்துக்கு வருஷச் சந்தா 6,000, ஆக 8.4 லட்சம். கோடை முகாம்ல 300 புள்ளைங்க, தலைக்கு 2,500, அது 7.5 லட்சம். போட்டிக்குத் தயாராகிற 30 பேர் மாசம் 1,000 வீதம் பத்து மாசம் கட்டுறது 3 லட்சம். நன்கொடை 30,000, பேங்க் வட்டி 10,000. மொத்தம் 19.3 லட்சம்.

செலவு: கோச், உயிர்காப்பாளர், காவல், சுத்தம் எல்லாம் சேர்ந்து சம்பளம் 9.4. கரண்ட் 3.6. குளோரின் வகையறா 1.5. இடத்துக்குக் குத்தகை 1.2. சில்லறை ரிப்பேர் 0.8. புள்ளைங்கள போட்டிக்குக் கூட்டிட்டுப் போறது 0.7. வேசகாலத்துல தண்ணி லாரி 0.6. தணிக்கை, இன்சூரன்ஸ் 0.5. கூட்டுனா 18.3 லட்சம்.

ஒரு லட்சம் மிச்சம். அதைப் பார்த்துட்டுத்தான் உறுப்பினருங்க கேக்குறாங்க, லாபம் வருதே, சந்தாவ எதுக்கு ஏத்தணும்னு. இன்னும் சில பேர், அரசுப் பள்ளிக்கூடத்துல இருந்து கோடையில இலவசமா வர்ற 40 புள்ளைங்கள நிறுத்துனா இன்னும் ஒரு லட்சம் நிக்கும்கிறாங்க.

என் வெசனம் வேற. குளம் கட்டி பதினோரு வருஷம் ஆச்சு. ஆழமான பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழ ரெண்டு வரிசை டைல்ஸ தட்டுனா டொப்பு டொப்புன்னு சத்தம் வருது, இடுக்குல இருந்த சிமென்ட்டு கரைஞ்சு விரல் நுழையுது. டைல்ஸ எடுத்துட்டு வாட்டர் புரூஃபிங் பண்ணி மறுபடி ஒட்ட 9 லட்சம்னு கோட்டேஷன் வந்திருக்கு. தாக்குப் பிடிச்சா நாலு வருஷம்கிறார் மேஸ்திரி. பேங்க்ல இருக்கிறது மூணு லட்சம்.

மஞ்சமண்டி:

தம்பி, நான் ஈரோட்டுக்காரன், யாவாரி. வெளிப்படையா கேக்கறேன், கோவிச்சுக்க வேண்டாம். 300 புள்ளைங்க முகாமுக்கு வருதுங்கன்னா ஊர்ல தேவை இருக்குன்னு அர்த்தம். 2,500ங்கறத 3,500 ஆக்குனா மூணு லட்சம் சுளையா வருது. நாலு வருஷத்துல ஒம்பது லட்சத்துக்கு மேலயே ஆச்சு. சந்தா ஏத்த வேண்டாம், கூட்டத்துல சண்டையும் வேண்டாம். இலவசம் குடுக்கிறது நல்ல மனசுதான், ஆனா கல்லாவுல காசு இருந்தாத்தான் தர்மம் பண்ண முடியும்.

வாய்க்கால்கரை:

கோவிக்க என்னங்க இருக்கு அண்ணா. முகாமுக்கு வர்றதுல பாதிக்கு மேல தறி ஓட்டுறவங்க, கூலிக்குப் போறவங்க வீட்டுப் புள்ளைங்க. 2,500 கட்டவே ரெண்டு தவணை கேக்குறாங்க. ஆயிரம் ஏத்துனா 300 அப்படியே 300ஆ நிக்காது.

ரெண்டாம்லேன்:

என் பொண்ணு சப்-ஜூனியர்ல நீந்துறா. அவ கோச் ஆரம்பத்துல இந்த மாதிரி ஒரு கோடை முகாம்லதான் அவளக் கண்டுபிடிச்சாரு. அதைவிட முக்கியமா ஒன்னு சொல்லணும்.

பவானிசாகர்ல இருந்து கீழ்பவானி வாய்க்கால் 124 மைல் ஓடுது. கோபியச் சுத்தித் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்காலுங்களும் வேற. தண்ணி திறந்துவிட்டா எந்த மதகுலயும் பசங்க குதிக்கிறதப் பார்க்கலாம். எங்க அப்பா காலத்துல தோட்டத்துக் கிணத்துல, முதுகுல சுரைக்குடுக்கையக் கட்டி மாமன் மச்சான் தள்ளிவிட்டுப் பழக்குவாங்க, மேல நாலு பெரியவங்க நிப்பாங்க. இப்போ கிணறு வத்திப் போச்சு, நூறு அடிக்குக் கீழ போர் ஓடுது. பழக்கிவிட ஆளில்லாம புள்ளைங்க நேரா வாய்க்காலுக்குப் போகுதுங்க. சிமென்ட்டுக் கரை வழுக்கும், இழுப்பு இருக்கும், பிடிச்சு ஏற ஒன்னும் இருக்காது. அந்த 40 புள்ளைங்க கரையோர ஊருப் புள்ளைங்கதானே? அவங்கள நிறுத்திட்டு டைல்ஸ் ஒட்டுனா அந்தக் குளம் யாருக்குங்க?

வாய்க்கால்கரை:

ஆமாங்க அக்கா, எல்லாம் வாய்க்கால் ஓரத்து ஊருங்கதான். அவங்களுக்குன்னு தனியா ஆகிற செலவ எடுத்துப் பார்த்தேன். பம்ப் எப்படியும் ஓடுது, தண்ணி எப்படியும் இருக்கு. காலையில 10 மணிக்கு மேல, குளம் சும்மா கெடக்கிற நேரத்துலதான் வர்றாங்க. ஒரு பயிற்சியாளருக்கு ஒரு மணி நேரக் கூலி, ஒரு உயிர்காப்பாளர், வேன் வாடகை. ரெண்டு மாசத்துக்கும் 25,000 தாண்டல. தலைக்கு 2,500னு பெருக்கி ஒரு லட்சம் நட்டம்கிறது தப்புக் கணக்கு. அந்தப் புள்ளைங்கள நிறுத்துனா அந்த இடத்துக்குக் காசு கட்டுற 40 பேர் வந்துடப் போறதில்ல.

பம்ப்செட்டு:

கோயமுத்தூர்ல பம்ப் வேலை பாக்குறேன். குளத்தோட அளவு, மோட்டார் எத்தனை எச்.பி., எத்தனை மணி நேரம் ஓட்டுறீங்க, லாரி வாரத்துக்கு எத்தனை வருது சொல்லுங்க. சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட்டுதான், அங்க கை வைக்காம சந்தாவப் பத்திப் பேசவே கூடாது.

வாய்க்கால்கரை:

25 மீட்டர் நீளம், 12.5 அகலம். ஆழம் 1.2ல இருந்து 1.8 மீட்டர். ஃபில்டர் மோட்டார் 7.5 எச்.பி., தினம் 12 மணி நேரம். ஏப்ரல், மேயில 12,000 லிட்டர் லாரி வாரத்துக்கு ரெண்டு வரும், சில வாரம் மூணு.

பம்ப்செட்டு:

அப்போ தண்ணி கிட்டத்தட்ட 4.7 லட்சம் லிட்டர். 7.5 எச்.பி. மோட்டார் மணிக்கு ஆறு யூனிட்டுக்கு மேல இழுக்கும். 12 மணி நேரத்துக்கு 75 யூனிட், மாசம் 2,250. யூனிட் பத்து ரூபாய்னு வச்சா ஃபில்டர் மட்டும் 22,500. உங்க மாசக் கரண்ட் பில் 30,000ல முக்கால் பங்கு இந்த ஒரு மோட்டார்.

இதுக்கு வி.எஃப்.டி. போடுங்க, மோட்டாரோட வேகத்தக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் அது. மோட்டாரோட வேகத்தக் குறைச்சா தண்ணி அதே விகிதத்துல குறையும், ஆனா கரண்ட் அந்த விகிதத்த மூணு தடவை பெருக்குன அளவுக்குக் குறையும். வேகம் 80 சதவீதம்னா தண்ணி 80 சதவீதம் வரும், கரண்ட் 51 சதவீதம்தான் ஆகும். 12 மணிக்குப் பதிலா 15 மணி நேரம் ஓட்டுனா அதே தண்ணி ஃபில்டர்ல சுத்தும், கரண்ட் மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும். இது காகிதக் கணக்கு. பைப்புல உரசல், வால்வு, டிரைவ் நஷ்டம்னு கழிச்சுக் கால் பங்குன்னே வச்சுக்குங்க, வருஷம் 65,000 கிட்ட நிக்கும். இந்த சைஸ் டிரைவ் ஐம்பதாயிரத்துக்குள்ள முடியும், ஒரு வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்.

லாரிக் கணக்கு எனக்கு ஒத்து வரல. வேசகாலத்துல நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாச்சுன்னா உங்க குளத்துக்கு 1,560 லிட்டர். வாரத்துக்கு 11,000, அதாவது ஒரு லாரி. புள்ளைங்க சிந்துறது, ஃபில்டர் பேக்வாஷ் (தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு ஃபில்டர் மணலக் கழுவறது) எல்லாம் சேர்த்தாலும் மூணு லாரி வரக்கூடாது. வாளிச் சோதனை பண்ணிப் பாருங்க. படிக்கட்டுல ஒரு வாளிய வச்சு, குளத்து மட்டத்துக்கே வாளிக்குள்ளயும் தண்ணி ஊத்திக் கோடு போடுங்க. பம்ப்ப நிறுத்தி, ஆளுங்கள இறக்காம ஒரு நாள் விடுங்க. ரெண்டும் ஒரே அளவு இறங்குனா ஆவி. குளம் கூட இறங்குனா ஒழுகுது.

பேக்வாஷ் எப்போ பண்றீங்க?

வாய்க்கால்கரை:

ஒன்னு விட்டு ஒரு நாள், மூணு நிமிஷம்.

பம்ப்செட்டு:

அந்த மோட்டாருக்கு ஒரு தடவைக்கு 3,700 லிட்டர் போகும். நாள் பாத்துப் பண்ணாதீங்க, பிரஷர் கேஜப் பாத்துப் பண்ணுங்க. சுத்தமா இருக்கும்போது காட்டுறத விட 8, 10 பி.எஸ்.ஐ. ஏறுனா மட்டும் போதும். ரொம்ப அடிக்கடி கழுவுனா மணல் நல்லா வடிகட்டாது, தண்ணியும் போகும், அந்தத் தண்ணியில போட்ட குளோரினும் போகும்.

தாராபுரத்தான்:

நாங்களும் இது மாதிரி ஒரு குளம் நடத்துறோம். குளோரின் செலவக் குறைக்கிறோம்னு அளவக் குறைச்சிடாதீங்க, அது முதல்ல. எங்க காவல்காரர் தினம் விடிகாலை டெஸ்ட் கிட்டுல தண்ணி புடிச்சு சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார். குளோரின் குழாய் மஞ்சளாவும் பி.எச். குழாய் லேசான சிவப்பாவும் வரணும். வந்த அளவ நோட்டுல எழுதிக் கையெழுத்து போட்ட அப்புறம்தான் கேட் திறக்கும். பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவுல நின்னா கம்மி குளோரினே நல்லா வேலை செய்யும். எட்டத் தாண்டுனா எவ்வளவு கொட்டுனாலும் பாதி வீண்தான். நம்ம போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடர் போட்டுப் போட்டு டைல்ஸ் ஓரம் வெள்ளையா பட்டை கட்டும், ஃபில்டர் மணல் கட்டி கட்டியா சேரும். நாங்க திரவ சோடியம் ஹைப்போவுக்கு மாறினோம். வெயில்ல சீக்கிரம் வீரியம் குறையும், அதனால பத்து நாளைக்கு மேல ஸ்டாக் வைக்கிறதில்ல.

காசு விஷயத்துல எங்களக் காப்பாத்துனது ஒன்னுதான். முகாம் வசூல்ல ரொக்கமே வாங்குறதில்ல. க்யூஆர் அட்டை சங்கத்தோட பேங்க் கணக்குக்கு மட்டும், எந்தப் பொறுப்பாளரோட நம்பருக்கும் இல்ல. செக்குல ரெண்டு கையெழுத்து. மாச வரவு செலவு அஞ்சாம் தேதி நோட்டீஸ் போர்டுல, உடை மாத்துற ரூமுக்குப் போற வழியில ஒட்டியிருக்கும். அதுக்கப்புறம் எங்க பொதுக்குழுவுல கணக்குக்காக யாரும் குரல் உயர்த்துனதில்ல.

மஞ்சமண்டி:

எல்லாம் சரிதான். ஆனா மிச்சம் ஒரு லட்சத்த பேங்க்ல போட்டு ஆறரை வட்டிக்குத் தூங்க வைக்காதீங்க. நம்பகமான சீட்டுல போட்டா நாலு வருஷத்துல நல்லா வளரும், அவசரம்னா தள்ளி எடுத்துக்கலாம். எங்க மண்டியில மகமைக் காச அப்படித்தான் வளர்த்தோம்.

ஐந்தொகை:

இங்கே நிறுத்தணும் அண்ணா. நான் தணிக்கையாளர், இந்த மாதிரி சங்கங்களோட கணக்கு பார்க்கிறேன். அறச் சங்கமா வரிவிலக்கு வாங்குனா, பணத்தைச் சட்டம் சொல்ற இடங்கள்லதான் வைக்கணும்: தேசிய வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலகம், அரசுப் பத்திரம் மாதிரி. சீட்டு அதுல இல்ல. வட்டி கம்மின்னு சீட்டுல போட்டு, விலக்கையே இழந்துட்டு நிக்கக்கூடாது.

வாய்க்கால்கரை, நீங்க வருமான வரியில 12ஏபி பதிவு (1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்துல அறச் சங்கத்துக்குத் தர்ற பதிவு) வாங்கியிருக்கீங்களா? ஜி.எஸ்.டி. பதிவு உண்டா?

வாய்க்கால்கரை:

ரெண்டும் இல்லைங்க அக்கா. உறுப்பினர் காசு உறுப்பினருக்கே செலவாகுது, அதனால வரி இல்லைன்னு முன்னாடி இருந்த ஆடிட்டர் சொன்னாரு. வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழங்கிறதால ஜி.எஸ்.டி.யும் எடுக்கல.

ஐந்தொகை:

உங்க பிரச்சனையோட வேர் இங்கதான் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

உறுப்பினர் காசு உறுப்பினருக்கேங்கிற தத்துவம் சந்தாவுக்குப் பொருந்தும். கோடை முகாமுக்கு வர்ற 300 பேர் உறுப்பினர் இல்ல, அந்த வரவுக்குப் பொருந்தாது. பேங்க் வட்டிக்கும் பொருந்தாதுன்னு 2013ல பெங்களூர் கிளப் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவாவே சொல்லிடுச்சு. ஆக இப்போ நீங்க நிக்கிற தரை கெட்டியானது இல்ல.

ஜி.எஸ்.டி. கணக்க அண்ணா சொன்ன யோசனையோட வச்சுப் பாருங்க. நன்கொடை இதுல வராது. மத்தது 19 லட்சம். முகாம் கட்டணத்த ஆயிரம் ஏத்துனா 22 லட்சம், எல்லைய தாண்டியாச்சு, பதிவு கட்டாயம். அப்புறம் சந்தாவுக்கு 18 சதவீதம். கிளப் உறுப்பினருக்குத் தர்ற சேவைக்கும் வரி உண்டுன்னு 2021ல சட்டத்தைத் திருத்தி, 2017 ஜூலையில இருந்தே செல்லும்னு சொல்லிட்டாங்க. விளையாட்டு வளர்க்கிற லாபநோக்கில்லா சங்கத்துக்கு வருஷம் 1,000 ரூபாய் வரைக்குமான உறுப்பினர் கட்டணத்துக்கு விலக்கு இருக்கு, ஆனா உங்களது 6,000. முகாம் கட்டணம், போட்டிப் பயிற்சிக் கட்டணம் ரெண்டுக்கும் வரி வரும். ஏன்னா விளையாட்டுப் பயிற்சிக்கான ஜி.எஸ்.டி. விலக்கு, 12ஏபி பதிவு இருக்கிற அறச் சங்கத்துக்குத்தான். 22 லட்சத்துல வட்டி போக மத்த எல்லாத்துக்கும் 18 சதவீதம்னா, ஏத்துன மூணு லட்சமும் போய் அதுக்கு மேலயும் கையில இருந்து போகும்.

பதிவு வாங்கிட்டா நிலைமையே வேற. பயிற்சி வரவு முழுசும் விலக்குல போயிடும். எல்லையத் தாண்டுனாலும் சந்தாவுக்கு மட்டும்தான் வரி.

அந்தப் பதிவு கிடைக்க கிளப் பொதுமக்களுக்குப் பயன்படணும். உறுப்பினர் 140 குடும்பத்துக்கான குளம்னு துணைவிதியில இருந்தா தர மாட்டாங்க. யார் வேணாலும் பயிற்சிக்கு வரலாம், ஏழைப் புள்ளைங்களுக்கு இலவசம், கலைச்சா சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போகும்னு துணைவிதியத் திருத்திப் பதிவாளர்கிட்ட பதியணும். நிறுத்தச் சொல்றாங்களே அந்த 40 புள்ளைங்க, உங்க சங்கம் அறச் சங்கம்னு காட்டுற முதல் சாட்சியே அவங்கதான். வருகைப் பதிவேடு, போட்டோ, பள்ளித் தலைமை ஆசிரியர் கடிதம் எல்லாம் பத்திரமா வையுங்க.

கட்டணம் எவ்வளவு வாங்கலாம்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு. 2022 அக்டோபர்ல அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆகிற செலவையோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ வாங்குனா அது வியாபாரம் இல்ல. செலவுக்கு ரொம்ப மேல வாங்குனா வியாபாரம், அது மொத்த வரவுல 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முகாம்ல கிராக்கி இருக்குன்னு விலையை ஏத்துறது இந்த இடத்துலயும் இடிக்கும்.

மஞ்சமண்டி:

அம்மா, இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. சரி, அறச் சங்கம் மிச்சம் புடிக்கலாமா? வர்றத எல்லாம் செலவு பண்ணியாகணும்னு கேள்விப்பட்டேனே.

ஐந்தொகை:

வருமானத்துல 85 சதவீதத்த நோக்கத்துக்குச் செலவழிக்கணும். 15 சதவீதம் வரைக்கும் யாரையும் கேக்காம ஒதுக்கலாம். இவங்களுக்கு அது 2.9 லட்சம். அதுக்கு மேல வேணும்னா இன்ன வேலைக்குன்னு படிவம் கொடுத்து அஞ்சு வருஷம் வரைக்கும் சேர்க்கலாம்.

எவ்வளவு ஒதுக்கணும்கிறதுதான் கேள்வி. டைல்ஸும் வாட்டர் புரூஃபிங்கும் 9 லட்சம், 15 வருஷம் வருதுன்னா வருஷத்துக்கு 60,000. ரெண்டு பம்ப் செட்டு 1.6 லட்சம், எட்டு வருஷம்னா 20,000. ஃபில்டரும் மணலும் 3 லட்சம், பத்து வருஷம்னா 30,000. ஷவர், உடை மாத்துற ரூம், லைட்டு 4 லட்சம், பத்து வருஷம்னா 40,000. கூட்டுனா வருஷம் 1.5 லட்சம் தேய்மானம். தம்பியோட கணக்குல அந்தச் செலவ எழுதவே இல்ல. அதைச் சேர்த்தா ஒரு லட்சம் மிச்சம் இல்ல, அரை லட்சம் பற்றாக்குறை. பொதுக்குழுவுல இந்த ஒரு கணக்க முதல்ல காட்டுங்க. பதினோரு வருஷமா உறுப்பினருங்க குளத்தையே கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு வந்திருக்காங்க.

பி.ஏ.பி. பாசனம்:

உடுமலையில இருந்து எழுதுறேன். எங்க ஊர்ல காலையில 10ல இருந்து 3 வரைக்கும் பள்ளிக்கூடங்களுக்கு ஒதுக்கியிருக்கோம். குளம் இல்லாத தனியார் பள்ளிக்கூடம் உங்க பக்கத்துலயும் நாலஞ்சு இருக்கும். அம்மா தாய்மாருக்குன்னு தனி நேரம், பெண் கோச் வச்சு ஆரம்பிச்சோம். முதல்ல தயங்குனாங்க, இப்போ இடம் பத்தல. ஐந்தொகை அக்கா, பள்ளிக்கூடக் காசுக்கு வரி எப்படி?

ஐந்தொகை:

குளத்த மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விட்டா வரி. உங்க கோச்சே சொல்லிக் கொடுத்தா அது பயிற்சி, 12ஏபி இருந்தா விலக்கு. ஒப்பந்தத்துல அப்படியே எழுதுங்க.

இன்னொன்னு. 80ஜி பதிவும் (நன்கொடை குடுக்கிறவங்களுக்கு அதே சட்டத்துல வரிச்சலுகை தர்ற பதிவு) சேர்த்து வாங்குங்க. தனி ஆளுங்க நிறைய பேர் புது வரிமுறைக்குப் போயிட்டதால அவங்களுக்கு அதுல பெரிய ஈர்ப்பு இருக்காது. ஆனா கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதி தரணும்னா 12ஏபி, 80ஜி, அந்த நிதி வாங்குறதுக்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு மூணும் கேப்பாங்க. கம்பெனிச் சட்டத்தோட ஏழாம் அட்டவணையில கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சி இருக்கு. வருஷம் 5 கோடி லாபம் பார்க்கிற மில்லு, பனியன் கம்பெனிக நம்ம பக்கம் இல்லாமலா?

ரெண்டாம்லேன்:

ரெண்டு உயிர்காப்பாளர்ல ஒருத்தர நிறுத்தலாம்னு யாராவது கூட்டத்துல ஆரம்பிப்பாங்க, எங்க கிளப்லயும் ஆரம்பிச்சாங்க. ஆழப் பக்கம் ஒருத்தர், சின்னப் புள்ளைங்க பக்கம் ஒருத்தர். அது குறையவே கூடாது. ஈரோட்டுல பொறந்த குற்றாலீஸ்வரன் 1994ல, மீசை முளைக்காத வயசுல இங்கிலீஷ் கால்வாய நீந்தினாரு. அவரு பக்கத்துலயும் படகு கூடவே போச்சு.

வாய்க்கால்கரை:

வாளிச் சோதனை பண்ணிட்டோமுங்க. ஒரு நாள்ல வாளியில 5 மில்லிமீட்டர், குளத்துல 11. ஆறு மில்லிமீட்டர் ஒழுக்கு, தினம் 1,900 லிட்டர் கிட்ட மண்ணுக்குள்ள போகுது. அடுத்து, எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கக் குளத்த நிறைச்சு, தண்ணி திரும்பி வர்ற குழாய் வாயில கலர் மைய ஊசியில விட்டுப் பார்த்தோம். ஆழப் பக்கம் மூணாவது வாயில மை கலையாம, குழாய்க்கும் சிமென்ட்டுக்கும் நடுவுல நூல் மாதிரி உள்ள போச்சு. அந்த டொப்பு டைல்ஸுக்கு நேர் மேல. டைல்ஸ் அங்க கழண்டதுக்குக் காரணம் அதுதான்னு மேஸ்திரியும் சொல்றாரு. அதை அடைக்கிற செலவு சில ஆயிரத்தோட முடியுது.

பொதுக்குழுவுக்குத் தீர்மானம் இப்படி எழுதியிருக்கோம். சந்தா 6,000ல இருந்து 6,500. முகாம் கட்டணம் ஏறாது. இலவச வகுப்பு தொடரும், துணைவிதியில எழுதிச் சேர்க்கிறோம். 12ஏபி, 80ஜிக்கு விண்ணப்பம். வி.எஃப்.டி. இந்த வருஷமே. தேய்மான நிதின்னு தனி வைப்புக் கணக்கு, அதுல இருந்து பணம் எடுக்கப் பொதுக்குழு ஒப்புதல் வேணும்.

இப்போ நிக்கிற ஒரு லட்சம், சந்தா உயர்வுல 70,000, கரண்ட்ல 65,000, லாரியில 30,000 குறைஞ்சா, வருஷத்துக்கு 2.65 லட்சம் அந்தக் கணக்குக்குப் போகும். 15 சதவீதத்துக்குள்ளயே அடங்குது. நாலு வருஷத்துல இருக்கிற மூணு லட்சத்தோட 13 லட்சம் கிட்ட சேரும், டைல்ஸ் போட்டும் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் மிஞ்சும். பள்ளிக்கூட வகுப்பு பதிவு வந்த அப்புறம் ஆரம்பிக்கிறோம். எல்லையத் தாண்டுனா ஜி.எஸ்.டி. எடுத்துச் சந்தாவுக்கு மட்டும் வரி வாங்குவோம், அதையும் கூட்டத்துலயே முன்கூட்டிச் சொல்லிடறேன்.

ஐந்தொகை:

நல்லா வந்திருக்கு. ஒரு திருத்தம். தேய்மான நிதிக்கு உறுப்பினர்கிட்ட கட்டாயமா தனியா வசூல் பண்ணி அதை நன்கொடைன்னு ரசீது போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வாங்க. கேக்காதீங்க. கட்டாயமா வாங்கறது பேரு மாறுனாலும் சந்தாதான். மனசார குடுக்கிறது மட்டும்தான் நன்கொடை.

மஞ்சமண்டி:

நான் மனசார 10,000 தர்றேன் தம்பி, செக்கா. ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்க. சந்தா எந்த மாசம் வாங்கற? ஜூன்ல வாங்குனா எல்லாரும் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிட்டு வெறுங்கையா நிப்பாங்க, ஐநூறும் மலையாத் தெரியும்.

வாய்க்கால்கரை:

ரொம்ப நன்றிங்க அண்ணா. இதுவரைக்கும் ஜூன்தான். உறுப்பினர்ல பாதிப் பேர் மஞ்சள், கரும்பு வெள்ளாமைக்காரங்க, மார்ச்சுல கையில காசு இருக்கும். கெடுவ மார்ச் 31ன்னு மாத்திடறோம். முடியாதவங்க மார்ச்சுல பாதி, செப்டம்பர்ல பாதி கட்டலாம். முகாமுக்கு முன்னாடியே அந்தப் பணம் வந்துட்டா, ஏப்ரல்ல கூடுதல் பயிற்சியாளருக்குக் கைமாத்து வாங்குற வேலையும் இருக்காது.